பழைய பெட்டிக்குப் புதிய கார்டு



சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர்க் கடைவீதி வரை, "ரீஃபர்பிஷ்டு" என்ற அட்டை தொங்காத கணிப்பொறிக் கடை இன்று அரிது. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் உழைப்பு வாங்கிக்கொண்டு கழித்துவிட்ட வொர்க்ஸ்டேஷன்கள் அங்கே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டடக்கலை படிக்கும் மகனுக்காகவும், வீடியோ தொகுப்புப் பயிலும் மகளுக்காகவும் பெற்றோர் அவற்றை வாங்கிச் செல்கின்றனர். இதில் குறை காண ஒன்றுமில்லை. உறுதியாகச் செய்யப்பட்ட பொருளைக் குறைந்த விலைக்கு வாங்குவது அறிவுடைமையே.

சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. "இதில் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதும், அத்தா" என்பான் பிள்ளை. அத்தாவும், வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்திலிருந்து அனுப்பி வைப்பார். வந்து சேரும் கார்டோ பெட்டிக்குள் நுழையாது, நுழைந்தாலும் எரியாது, எரிந்தாலும் திரையில் படம் வராது! பெட்டியைப் பிரித்துவிட்ட பொருளைக் கடைக்காரர் திரும்ப வாங்கவும் மாட்டார்.

இதைக் கேள்விப்பட்டு மட்டும் எழுதவில்லை. நானே பட்டு அறிந்தேன். எங்கள் மதரஸாவின் மாலை நேரக் கணிப்பொறி வகுப்புக்கென முன்னாள் மாணவர் ஒருவர் பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். இரண்டு திரைகள் வைத்துப் பாடம் நடத்தலாமே என்று, திரட்டிய நிதியிலிருந்து ஒரு கார்டு வாங்கி வந்தேன். கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன் நான்; விலையைப் பார்த்தேனே தவிர, அதன் மின்தேவையைப் பார்க்கவில்லை. கார்டில் 8 முனை மின்வாய் இருந்தது; எங்கள் பெட்டியிலோ 6 முனை வயர் மட்டுமே இருந்தது. கடைக்காரர் ஒரு மாற்று வயரைக் கொடுத்து, "இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். பத்தாம் நாள் வகுப்பில், "ஹஜ்ரத், பெட்டியிலிருந்து கருகும் வாடை வருது" என்று ஒரு மாணவன் கூவினான். உடனே மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தபோது அந்த வயரின் முனை உருகியிருந்தது. பெட்டி தப்பியது, கார்டின் விலையை என் சம்பளத்திலிருந்து நிதிக்குத் திருப்பிச் செலுத்தினேன். பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவன் கேட்டறிந்து செலவிட வேண்டும் என்ற பாடத்தை அன்று மாணவர்களோடு சேர்ந்து நானும் படித்தேன்.

அதன்பின் தேடிக் கற்றவற்றையே இங்கே முறைப்படுத்தித் தருகிறேன்.

முதலில் பெட்டியை அறிக

கார்டைத் தேடுவதற்கு முன் பெட்டியின் வரலாற்றை அறிய வேண்டும். எடுத்துக்காட்டாக, 2012இல் வெளிவந்த எச்.பி. இசட்420, டெல் பிரிசிஷன் டி3600 ஆகிய இரண்டையும் கொள்வோம். பழைய சந்தையில் இவை இன்றும் கிடைக்கின்றன. இரண்டிலும் இன்டெல் நிறுவனத்தின் ஸியான் இ5 வகைச் செயலியே உள்ளது. இந்தச் செயலிக்குள் திரைக்குப் படம் அனுப்பும் வசதி கிடையாது. ஆகவே கிராபிக்ஸ் கார்டு என்பது இவற்றுக்கு ஆடம்பரமன்று. அது இல்லையேல் திரையில் ஒன்றுமே தெரியாது. கார்டு இல்லாமல் பெட்டியை மட்டும் மலிவாக விற்பவரிடம் வாங்குவோர் இதை மனத்திற்கொள்க.

பெட்டியின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள சீட்டில் மாடல் பெயர் இருக்கும். அதனைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடி எடுத்து, எத்தனை ஸ்லாட், எந்த வகை, எத்தனை வாட் என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கக் கதவைத் திறந்து, உள்ளே உள்ளதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன இரு மாடல்களிலும் கதவைத் திறக்கத் திருப்புளி கூடத் தேவையில்லை. கைப்பிடியை இழுத்தால் போதும். வீட்டிலுள்ள சகோதரிகளும் அச்சமின்றிச் செய்யக்கூடிய வேலை இது.

ஸ்லாட்டின் நீளமும் வேகமும்

கார்டு செருகும் நீண்ட வாயையே ஸ்லாட் என்கிறோம். 1992இல் வந்த பி.சி.ஐ. என்னும் வகை வெண்ணிறத்தில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அதற்குப் பதிலாக 2003இல் வகுக்கப்பட்டதே பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு. ஒன்றின் கார்டு மற்றதில் நுழையாது. இடைக்காலத்தில் பி.சி.ஐ.-எக்ஸ் என்ற மூன்றாவது வகையும் சர்வர்களிலும் வொர்க்ஸ்டேஷன்களிலும் இருந்தது. பெயரைப் பார்த்து அதுவே எக்ஸ்பிரஸ் என்று எண்ணி ஏமாந்தவர் உண்டு. இசட்420இல் உள்ள ஆறு ஸ்லாட்டுகளில் ஒன்று பழைய பி.சி.ஐ. வகை என்பதால், இந்தக் குழப்பம் இன்றும் நேரக்கூடும்.

எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டைச் சாலையாக உருவகித்துக் கொள்ளுங்கள். 1 தடம், 4 தடம், 8 தடம், 16 தடம் என அதன் அகலம் மாறும். ஒவ்வொரு தடத்தின் வேகமும் தலைமுறைக்குத் தலைமுறை கூடியது. முதல் தலைமுறையில் ஒரு தடத்தில் நொடிக்கு 250 மெகாபைட். 2007இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 500. 2010இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 985. 2017இல் வந்த நான்காம் தலைமுறையில் அதைப்போல் இருமடங்கு.

இங்கே நமக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. தலைமுறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. நான்காம் தலைமுறைக் கார்டை மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் செருகலாம். இரண்டில் எது மெதுவானதோ அந்த வேகத்தில் இயங்கும். அவ்வாறே சிறிய கார்டைப் பெரிய ஸ்லாட்டில் செருகலாம். 1 தடக் கார்டு 16 தட ஸ்லாட்டில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பெரிய கார்டு, முனை மூடப்பட்ட சிறிய ஸ்லாட்டில் நுழையாது. நுழைக்க முயன்று உடைத்துக்கொள்ள வேண்டா.

இன்னொரு நுட்பமும் உண்டு. சில ஸ்லாட்டுகள் பார்வைக்கு நீளமாக இருக்கும். உள்ளே தடங்கள் அத்தனை இரா. 8 தட நீளமுள்ள வாயில் 4 தடங்களுக்கே இணைப்பு இருக்கலாம். மேலும், இ5 செயலியிலிருந்து நேரே வரும் தடங்கள் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவை. மதர்போர்டின் துணைச் சிப்பிலிருந்து வருபவை இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவை. ஒரே போர்டில் அடுத்தடுத்துள்ள இரண்டு ஸ்லாட்டுகளின் வேகம் வேறுபடுவது இதனால்தான். கையேட்டைப் பார்க்காமல் கண்ணளவால் இதை அறிய இயலாது.

மின்சாரக் கணக்கு

என்னை வீழ்த்தியது இந்தக் கணக்குத்தான். 16 தட ஸ்லாட் ஒன்று கிராபிக்ஸ் கார்டுக்கு அதிக அளவாக 75 வாட் மின்சாரம் தரும். அதற்குமேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 முனை வயர் 75 வாட் வரை தரும்; 8 முனை வயர் 150 வாட் வரை தரும்.

கடைகளில் கிடைக்கும் மாற்று வயர்களைப் பற்றி இப்போது பேசலாம். வன்தட்டுக்கான சாட்டா மின்முனை ஒன்று, 12 வோல்ட் பகுதியில் 54 வாட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அந்த ஒரே முனையிலிருந்து 6 அல்லது 8 முனைக்கு மாற்றித்தரும் வயரைப் போட்டால், கார்டு 75 வாட்டோ அதற்கும் மேலோ இழுக்கும். முனை சூடேறி உருகும். எங்கள் வகுப்பில் நடந்தது இதுவே. எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் அத்தகைய வயரை வீட்டிற்குள் விடாதீர்கள்.

"அப்படியானால் பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டிவிடலாமே?" என்று கேட்கலாம். சாதாரணக் கணிப்பொறிக்கு அது சரி. மேற்சொன்ன வொர்க்ஸ்டேஷன்களில் தயாரிப்பாளர் தமக்கென வகுத்த வடிவில் எஸ்.எம்.பி.எஸ். உள்ளது; கடையில் விற்கும் வழக்கமான ஏ.டி.எக்ஸ். வகை அப்படியே பொருந்தாது. டி3600 மாடல் 425 வாட், 635 வாட் என இரு வகைகளில் வந்தது. ஒரே மாடல் பெயர்; திறனோ வேறு! எனவே எஸ்.எம்.பி.எஸ். மீதுள்ள சீட்டை உங்கள் கண்ணால் படியுங்கள். எத்தனை 6 முனை வயர்கள் வெளிவருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இடத்தின் அளவு

கார்டின் மூன்று அளவுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று உயரம்: ஒல்லியான சிறு பெட்டிகளுக்கு "லோ புரொஃபைல்" என்னும் குட்டைக் கார்டே பொருந்தும். கார்டோடு குட்டைத் தகடும் தரப்படுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு நீளம்: வன்தட்டுக் கூடு குறுக்கே நிற்கலாம், அளவுகோலால் அளந்து கொள்ளுங்கள். மூன்று தடிமன்: இரண்டு விசிறி உள்ள கார்டுகள் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் இடத்தை அடைத்துக்கொள்ளும். அடுத்த ஸ்லாட்டில் வேறு கார்டு போட எண்ணியிருந்தால், அந்த எண்ணம் அங்கேயே முடிந்துவிடும்.

எந்தத் தேவைக்கு எந்தக் கார்டு?

படம், வரைபடம், வீடியோ ஆகியவற்றிற்கு: தனி மின்வயர் கேட்காத கார்டுகளே பழைய பெட்டிக்குப் பாதுகாப்பானவை. என்விடியாவின் குவாட்ரோ பி1000 வெறும் 47 வாட். குவாட்ரோ பி2000 75 வாட். பின்னர் வந்த டி1000 50 வாட். மூன்றும் ஒரே ஸ்லாட் இடத்தில் அடங்குபவை. பி1000, டி1000 ஆகியவற்றில் மினி டிஸ்பிளேபோர்ட் வாய்களே இருக்கும். உங்கள் திரைக்கேற்ற மாற்று இணைப்பையும் சேர்த்தே விலை பேசுங்கள். ஜீஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1650 கார்டும் 75 வாட் வகையே. ஆனால் சில தயாரிப்பாளர்கள் அதே பெயரில் 6 முனை வயர் கேட்கும் கார்டையும் விற்றுள்ளனர். பெயரை நம்பாதீர்கள், கார்டின் விளிம்பைப் பாருங்கள்.

புதியது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. ஏ.எம்.டி. நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி. ஆகியவை 4 தடங்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அது பெரிய குறையன்று; பழைய பெட்டியிலோ சாலை குறுகி வேகம் குறைந்துவிடும். வீடியோவைச் சுருக்கிப் பதிவுசெய்யும் உறுப்பும் அவற்றில் இல்லை. வீடியோ பயிலும் பிள்ளைக்கு அது இழப்பு. இன்டெல்லின் ஆர்க் ஏ380 கார்டும் 75 வாட் வகைதான். அதன் முழுத் திறனைப் பெற "ரீசைசபிள் பார்" என்னும் வசதி மதர்போர்டில் இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுப் பெட்டிகளில் அது கிடையாது.

வேகமான சேமிப்புக்கு: என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யைச் சிறு அடாப்டர் கார்டு மூலம் 4 தட ஸ்லாட்டில் போடலாம். ஆயின், அக்காலப் பெட்டிகளுள் பெரும்பாலானவற்றின் பயாஸ் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்க அறியாது. ஆகவே இயக்கமுறையைச் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யில் வைத்து, கோப்புகளை மட்டும் என்.வி.எம்.இ.யில் வைப்பதே எளிய வழி. வன்தட்டிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதே கண்கூடான வேக மாற்றத்தைத் தரும். பல வீடுகளுக்கு அதுவே போதும். எம்.2 வடிவிலேயே சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யும் விற்கப்படுகிறது, என்.வி.எம்.இ. அடாப்டரில் அது வேலை செய்யாது.

யு.எஸ்.பி. 3.0 கார்டுக்கு: 1 தட ஸ்லாட் போதுமானது, இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டாக இருத்தல் நலம். சில கார்டுகள் தனி மின்வயர் கேட்கும்; பெட்டியில் மிச்சமாக ஒரு முனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 7இல் இதற்குரிய டிரைவர் இயல்பாக இல்லை. விண்டோஸ் 8 முதல் உண்டு.

வைஃபை கார்டுக்கு: இன்டெல் ஏ.எக்ஸ்.200, ஏ.எக்ஸ்.201 என இரண்டு உள்ளன. ஒரே ஓர் எண்தான் வேறுபாடு. முன்னது பழைய பெட்டியிலும் இயங்கும். பின்னது அதற்கென வடிவமைக்கப்பட்ட புதிய இன்டெல் போர்டுகளில் மட்டுமே இயங்கும். மேலும், ஸ்லாட்டில் செருகும் வைஃபை கார்டில் புளூடூத்தும் வேண்டுமெனில், அதிலிருந்து ஒரு சிறு வயரை மதர்போர்டின் யு.எஸ்.பி. முனையில் இணைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, "புளூடூத் பழுது" என்று கார்டைத் தூற்றுவோர் பலர்.

பயாஸும் டிரைவரும்

கார்டு பொருந்தி, மின்சாரமும் சரியாக இருந்து, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் பயாஸை ஐயுறுங்கள். புதிய கார்டுகள் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய தொடக்க முறையை எதிர்பார்க்கலாம். பழைய பெட்டி பழைய முறையிலேயே நிற்கலாம். தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட பயாஸை, பழைய கார்டு இருக்கும்போதே ஏற்றிவிடுவது நல்லது. ஏற்றும்போது மின்சாரம் நின்றுவிடக் கூடாது, யு.பி.எஸ். இல்லாத வீட்டில், மின்தடை அறிவித்த நாளில் இதைத் தொடவே வேண்டா.

டிரைவருக்கும் ஆயுள் உண்டு. பாஸ்கல் தலைமுறை ஜீஃபோர்ஸ் கார்டுகளுக்கு 2025 அக்டோபரோடு வழக்கமான புதுப்பித்தல் முடிந்து, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அதே மாதம் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிந்தது. இந்தப் பழைய ஸியான் செயலிகள் விண்டோஸ் 11க்கென மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இல்லை. லினக்ஸ் பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய தடையன்று. ஆனால் கல்லூரி கேட்கும் மென்பொருள் விண்டோஸ் 11இல் மட்டுமே ஓடும் எனில், கார்டில் பணம் போடும் முன் ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள்.

கடைத்தெருவில் கவனம்

பழைய கார்டு வாங்குவோர் இரண்டு ஏமாற்றங்களை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, மிகப் பழைய கார்டின் உள்நிரலை மாற்றி, புதிய மாடலின் பெயரை ஒட்டி விற்பது. ஜி.பி.யு-இசட் என்னும் இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய என்விடியா போலிகளைக் கண்டறிந்து காட்டுகிறது. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் நன்றி கூறி வந்துவிடுங்கள். இரண்டாவது, ஒரே பெயரில் குறைந்த திறன். ஆர்.எக்ஸ். 580 என்பதில் 2304 கணக்கீட்டு உறுப்புகள் உண்டு, "2048 எஸ்.பி." என்ற வால் கொண்ட அதே பெயர்க் கார்டில் 2048 மட்டுமே. மேலும், 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்திற்கான மைனிங் முடிவுக்கு வந்தபின், இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. விசிறியைச் சுழற்றிப் பாருங்கள். எத்தனை நாள் மாற்றிக்கொள்ளலாம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பொருத்தும் வேளையில்

மின்வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பெட்டியின் ஆன் பொத்தானை ஒருமுறை அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். கார்டின் பொன்னிற முனைகளைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து, நேராக அழுத்துங்கள். பழைய கார்டை விற்றுவிடாதீர்கள். புதியது அடம்பிடிக்கும் நாளில் உண்மையைச் சொல்லும் சாட்சி அதுவே. முதல் ஒரு மணி நேரம் பெட்டியை விட்டு அகலாமல், சத்தத்தையும் வாடையையும் கவனியுங்கள்.

நிறைவாக ஒரு சொல்

சகோதரர்களே, சகோதரிகளே! பிள்ளை ஒரு கார்டு கேட்கும்போது உடனே "சரி" என்றும் சொல்ல வேண்டா. "வீண்செலவு" என்று வாயை அடைக்கவும் வேண்டா. ஒரு தாளையும் பேனாவையும் அவன் கையில் கொடுங்கள். என்ன வேலைக்கு இது தேவை? எந்த ஸ்லாட்டில் போகும்? எத்தனை வாட்? எந்த வயர்? எவ்வளவு நீளம்? எந்த டிரைவர்? இந்த ஆறு கேள்விகளுக்கும் அவனே, அவளே விடை எழுதி வரட்டும். எழுதி வந்த பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள். அந்தப் பணம் வீணாகாது. எழுத எழுத, கார்டே தேவையில்லை, ஓர் எஸ்.எஸ்.டி. போதும் என்று தானே உணரும் பிள்ளையும் உண்டு.

எங்கள் மதரஸாவின் அந்தப் பெட்டி இன்றும் இரண்டு திரைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது, தனி மின்வயர் கேட்காத ஒரு சிறிய கார்டில். அதைத் தேர்ந்தெடுத்தவன் நான் அல்லன். கருகும் வாடையை முதலில் உணர்ந்த அந்த மாணவன். ஆறு கேள்விகளுக்கும் விடை எழுதிய அவனுடைய தாள் பெட்டியின் உட்கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அடுத்து அதைத் திறப்பவருக்கு உதவும் அல்லவா?